காணாமல் போன நான்கு மீட்டர்

தகுதிப் போட்டிக்கு இருபத்தாறு மணி நேரம் இருந்தபோது ஜோவெலின் தண்ணீரில் இறங்கினாள். மிதவைக் கயிற்றுக்குக் கை எட்டும் தூரத்திலேயே நீந்தினாள். மூன்று மாதமாக அப்படித்தான் நீந்துகிறாள்.

கோச் நோனோய் கரையில் நின்று கத்தினார். பெண் பிள்ளைகள் எல்லாரும் அவருக்கு 'இந்தாய்'தான். "இந்தாய்! கயிறு என்ன உன் காதலனா? விட்டுட்டு நடுவுல வா!"

பக்கத்து லேனில் இருந்த, அவளோடு வந்த இலோய்லோ அணிப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஜோவெலினும் சிரித்துவிட்டு நடுவுக்கு நகர்ந்தாள். பத்து வீச்சு போவதற்குள் உடம்பு தானாகவே கயிற்றுப் பக்கம் ஒதுங்கியிருந்தது.

நீந்தும்போது மனதுக்குள் 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டே போனாள். பக்தி மட்டும் காரணம் இல்லை. ஜெபத்தில் ஒரு சொல் விடுபட்டால், அந்த இடத்தில் தான் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். சின்ன வயதில் சொந்த ஊரான மியாகாவோவின் கடலில் இறங்கும் முன் மற்றப் பிள்ளைகள் தண்ணீரில் குடியிருக்கும் ஆவிகளிடம் "கொஞ்சம் வழி விடுங்க" என்று முணுமுணுப்பார்கள். ஜோவெலின் அவர்களைக் கேலி செய்வாள். இப்போது டைல்ஸ் பதித்த குளத்தில் இறங்கும்போதுகூட அந்தச் சொற்கள் வாயில் வந்து நின்றன.

அவளுக்கு வயது இருபத்திரண்டு. அந்தக் கடலில் கற்ற நீச்சல்தான் அவளைப் பள்ளிகளுக்கான தேசியப் போட்டியில் வெண்கலம் வரை கொண்டுபோனது. பிறகு இலோய்லோ நகரத்துக் கிளப்பும், கல்லூரியில் விளையாட்டுக்கான இடமும் கிடைத்தன. இருநூறு மீட்டர் பட்டர்ஃப்ளையில் இலோய்லோ இருக்கும் தீவில் அவளை முந்த ஆள் இல்லை. இரண்டு வருடம் முன்னால் இதே தார்லாக் குளத்தில், இதே தகுதிப் போட்டியில் மூன்றாவதாக வந்தாள். தென்கிழக்காசியப் போட்டிக்குப் போனவர்கள் இரண்டு பேர். இரண்டாவதாக வந்தவள் சுவரைத் தொட்டபோது ஜோவெலினின் விரல் நுனி சுவருக்கு ஒரு சாண் பின்னால் இருந்தது. வரும் மார்ச்சில் கல்லூரி முடிகிறது. அதற்குப் பின் யாரும் அவளை நீந்த வைக்கப்போவதில்லை. ஒன்று நாளை, இல்லையென்றால் எப்போதும் இல்லை.

அவளைப் பயமுறுத்தியது தோல்வி இல்லை.

நான்கு மாதம் முன்னால் ஒரு காலைப் பயிற்சியில், மூன்றாவது ஐம்பது மீட்டரில், அடியில் ஓடும் கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த கணம் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தாள். மூக்கு எரிந்தது. வாய் நிறைய குளோரின். இரண்டுக்கும் நடுவில் எதுவும் இல்லை. வலியோ மயக்கமோ வருவதற்கான ஓர் அறிகுறியோ இல்லை. கோச் அவளைப் பார்த்து, "காகிள்ஸ் சரி பண்றதெல்லாம் ரேஸ் முடிஞ்சப்புறம்!" என்று திட்டினார். இருக்கலாம், காகிள்ஸ்தான் என்று அவளும் நினைத்துக்கொண்டாள். ஒரு மாதம் கழித்து மறுபடி அதேபோல் ஆனது. இந்த முறை கயிறு கைக்குக் கிடைக்கவில்லை. கண் விழித்தபோது குளத்தின் அடி அவள் முகத்துக்கு மிக அருகில் இருந்தது.

அந்த வாரம், கல்லூரிக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, ஜீப்னி ஏறி நகரத்தின் இன்னொரு பகுதியான ஹாரோவுக்குப் போய் ஒரு மருத்துவரைப் பார்த்தாள். மார்பில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள். அவர் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். சில கேள்விகள் கேட்டார். பிறகு அவர் சொன்னதை ஜோவெலின் யாரிடமும் சொல்லவில்லை. தனியாக இருக்கும்போதுகூட அந்த வார்த்தைகளை வரிசையாக நினைத்துப் பார்த்ததில்லை. வெளியே வந்து, எதிர்க் கடையில் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சூப் சாப்பிட்டாள். மாலைப் பயிற்சிக்குச் சரியான நேரத்துக்குப் போய்விட்டாள்.

இப்போது கடைசி நூறு மீட்டர் முடிந்து கரையேறினாள். ஜெபத்தில் ஒரு சொல்லும் விடுபடவில்லை. துண்டைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

தங்கை லெங்லெங் வாழைப்பழத்தைக் கடித்துக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஞானஸ்நானப் பெயர் வேறு; அதை வைத்து அவளைக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். பதினாறு வயது. அக்காவை 'மனாங்' என்பாள். இருநூறு மீட்டர் ஃப்ரீஸ்டைல். இந்தப் போட்டிக்கு வருவது இதுதான் முதல் தடவை என்பதால் மூன்று நாளாகக் கால் தரையில் பாவவில்லை.

"மனாங், இன்னிக்குச் சுவரு என்னை ஏமாத்திருச்சு."

"என்னது?"

"திரும்புற இடத்துல. கயிறு செவப்பா மாறுச்சா, சரி இன்னும் அஞ்சு மீட்டர்னு நெனச்சேன். நெனச்சு முடிக்கல, சுவரு மூஞ்சிக்கு நேரா வந்து நிக்குது. நடுவுல நாலு மீட்டரை எவனோ திருடிட்டான்." அவள் சிரித்தாள். "பாரு, மூக்குல இடிச்சுக்கிட்டேன். ஏற்கெனவே சப்பை மூக்கு."

மூக்கின் மேல் லேசாகச் சிவந்திருந்தது. ஜோவெலின் அதையே பார்த்தாள்.

"தண்ணி குடிச்சியா?"

"கொஞ்சம் ஏறிடுச்சு."

"முன்னாடி இந்த மாதிரி ஆயிருக்கா?"

"இல்லையே." பழத்தை மென்றாள். "போன வாரம் ஒரு தடவை. ஆனா அன்னிக்கு நாலரைக்கே எழுப்பி விட்டாங்கல்ல, தூக்கக் கலக்கம்."

"கோச்கிட்ட சொன்னியா?"

"சொன்னா? தண்ணிக்குள்ள தூங்குறியா, போய் நூறு தண்டால் எடுன்னுவாரு. நீயும் போய் உளறிடாதே, மனாங்."

குளத்தில் யாரோ குதித்த சத்தம் கேட்டது. மூன்று மாதமாக அந்தப் பயத்தை ஜோவெலின் தன் உடம்புக்குள்ளேயே வைத்திருந்தாள். அது தன்னோடு இருக்கும், தன்னோடு முடியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுதான் அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல்.

"நீ நாளைக்கு நீந்தாதே," என்றாள்.

"என்ன?"

"அடுத்த வருஷம் நீந்திக்கலாம். உனக்கு வயசு இருக்கு."

லெங்லெங் பழத்தோலைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். "ஏன்? கிளப் சுவத்துல உன் பேருக்கு மேல என் பேரை எழுதிடுவாங்கன்னு பயமா?" கேலியாகத்தான் ஆரம்பித்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "மனாங்? நெஜமாவே அதுதானா?"

ஆமாம் என்றோ இல்லை என்றோ ஜோவெலின் சொல்லியிருக்கலாம். எதைச் சொன்னாலும் அடுத்த கேள்வி வரும். அவள் துண்டைத் தலையில் போட்டுத் துவட்டத் தொடங்கினாள். மறுபடி பார்த்தபோது பெஞ்சில் பழத்தோல் மட்டும் இருந்தது.

பிள்ளைகள் 'நானாய்' என்று கூப்பிடும் அம்மாவும் போட்டிக்குக் கூட வந்திருந்தாள். குளத்துக்கு அருகில் விளையாட்டு வீரர்கள் தங்கும் விடுதியில் இலோய்லோக்காரர்களுக்குக் கொடுத்த அறையில், கொண்டுவந்த குக்கரில் சோறு வைத்து, இஞ்சி தட்டிப்போட்டுக் கோழிச் சாறு காய்ச்சுவாள். எண்ணெய்க் கப்பலில் வேலை செய்யும் அப்பா எந்தக் கடலில் இருக்கிறார் என்பது பாதி நாள் யாருக்கும் தெரியாது; அதனால் பிள்ளைகள் விஷயத்தில் முடிவெடுப்பவள் அவள்தான்.

அந்த வீட்டில் நீச்சலுக்கு எதிரி ஒன்றுதான்: பாஸ்மா. உடம்பு உழைத்துச் சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் பட்டால் நரம்பு கெட்டுப்போகும். கை நடுங்கும், தலை சுற்றும், பார்வை இருட்டும். துணி இஸ்திரி போட்ட கையை அம்மா அன்று முழுக்கக் கழுவ மாட்டாள். அப்படிப்பட்டவளுக்கு இரண்டும் நீச்சல்காரப் பிள்ளைகள். பயிற்சி முடிந்து வந்தால் ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டுத்தான் குளிக்க விடுவாள். "அஞ்சு கிலோமீட்டர் தண்ணிக்குள்ளதான் இருந்தோம், நானாய்!" என்று லெங்லெங் கத்துவாள். "அது வேற தண்ணி," என்பாள் அம்மா.

மாலையில் அம்மா தனியாக இருந்தபோது ஜோவெலின் போய் நின்றாள். வழியெல்லாம் யோசித்து அவள் கண்டுபிடித்திருந்தது ஒரு குறுக்கு வழி.

"நானாய், லெங்லெங்குக்கு பாஸ்மா."

அம்மாவின் கரண்டி நின்றது. "யார் சொன்னா?"

"இன்னிக்குத் தண்ணியில கண்ணு இருட்டிருச்சு அவளுக்கு. சுவத்துல போய் இடிச்சுக்கிட்டா. போன வாரமும் ஒரு தடவை. நாளைக்கு அவ இறங்கக் கூடாது நானாய். நீங்க சொன்னாத்தான் கேப்பா."

அம்மா அடுப்பை அணைத்தாள். "எனக்குத் தெரியும்! நேத்து பஸ்ஸை விட்டு இறங்கின கையோட போய்க் குளிச்சா. சொன்னேன்ல? கேட்டாளா?"

ஜோவெலினுக்கு மூச்சு வந்தது. உண்மையைச் சொல்லாமலே காரியம் முடிந்துவிட்டது. தங்கை கரையில் இருப்பாள். தான் மட்டும் ஒரே ஒரு தடவை, இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல், நீந்திவிட்டால் போதும்.

கோச் நோனோய் கதவில் தலையை நீட்டியபோது அம்மா அவரை உள்ளே வரக்கூட விடவில்லை. "சின்னவ நாளைக்கு நீந்த மாட்டா கோச். பாஸ்மா."

"பாஸ்மாவா? மேடம், அவ இன்னிக்கு மூணு தட்டு சோறு சாப்பிட்டா. எனக்கு பாஸ்மா வந்தா அவ்வளவு பசிக்கிறதில்லையே."

"சிரிக்காதீங்க. இது எங்க வீட்டு விஷயம்."

"அவ முதல் எட்டு பேருல ஒருத்தியா வருவா மேடம். காலைல வரைக்கும் பாருங்க. நான் இப்ப பேரை அடிக்கல."

லெங்லெங் கட்டிலில் குப்புறப் படுத்துத் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள். அம்மா ஜின் பாட்டிலில் வைத்திருந்த இஞ்சித் தேங்காய் எண்ணெயைக் கையில் ஊற்றி, முதுகிலிருந்து தோள் வரை, தோளிலிருந்து விரல் நுனி வரை தேய்த்தாள். அறை முழுக்க இஞ்சி வாசம்.

"யாரு சொன்னா உங்ககிட்ட? மனாங்தானே?" தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"உன் நல்லதுக்குத்தான் சொன்னா. சும்மா கெட." அம்மா அழுத்தித் தேய்த்தாள். "என் தம்பி ரொடெலுக்கு யாரும் இப்படித் தேய்ச்சு விடல. சவுதியில அறையில தனியா கெடந்தான். இருபத்தி நாலு வயசு. காளை மாதிரி இருப்பான். ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவன் நெஞ்சு மேல பேய் ஏறி உக்காந்துருச்சு. காலைல எழுந்திரிக்கல."

ரொடெல் மாமாவின் கதையை அவர்கள் நூறு தடவை கேட்டிருந்தார்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உடனே படுக்காதே என்று சொல்வதற்காக அம்மா அதைச் சொல்வாள். ஹாரோ மருத்துவர், உங்கள் வீட்டில் இளவயதில் திடீரென்று இறந்தவர்கள் உண்டா என்று கேட்டார். ஜோவெலின் யோசிக்காமல் இல்லை என்றாள். பேய் அமுக்கிச் செத்தவரை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அவள் எழுந்து வெளியே போனாள். நடைபாதையில் யாரோ நீச்சல் உடைகளைக் காயப்போட்டிருந்தார்கள். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே போய் இப்போதே சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சொல்ல என்ன இருக்கிறது, தங்கைதான் நீந்தப்போவதில்லையே என்றும் நினைத்தாள். இரண்டாவது நினைப்பு அவளைத் தூங்க வைத்தது.

காலையில் கண் விழித்தபோது லெங்லெங் அறை நடுவில் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றாள். அம்மா அவள் விரல்கள் மேல் ஒரு தாளை வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாள் அசையவில்லை.

"பாரு," என்றாள் அம்மா பெருமையாக. "கல்லு மாதிரி நிக்குது கை. நான் தேய்ச்சுப் போகாத பாஸ்மா உண்டா?"

"நானாய், வேணாம்..."

"கோச்கிட்ட நானே போய்ச் சொல்லிட்டேன். நீந்தட்டும். பாவம், ராத்திரியெல்லாம் அழுதா." அம்மா தாளை மடித்தாள். "சரியாப் போனதுக்கு அப்புறமும் ஏன் மூஞ்சியை அப்படி வச்சுக்கிறே நீ?"

லெங்லெங் அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனால் பந்தய உடையை ஒற்றை ஆளாகப் போட முடியாது. அது இரண்டாவது தோல். காலில் பிளாஸ்டிக் பையை மாட்டி, வழுக்கி ஏற்றி, பின்னாலிருந்து ஒருவர் அங்குலம் அங்குலமாக இழுக்க வேண்டும். உடை மாற்றும் அறையில் லெங்லெங் கொஞ்ச நேரம் தனியாகப் போராடிவிட்டு முதுகைக் காட்டினாள்.

"இழு."

ஜோவெலின் இழுத்தாள். விலாவுக்கு மேல் துணியை ஏற்றும்போது உள்ளங்கையில் தங்கையின் இதயம் இடித்தது. வேகமாக, ஒழுங்காக. எந்தக் கோளாறும் இல்லாத ஓர் இதயம் இப்படித்தான் இடிக்கும். கோளாறு உள்ளதும் இப்படித்தான் இடிக்கும், அந்த ஒரு கணம் வரும் வரை.

"லெங், கேளு. நீ ஜெயிச்சா எனக்குச் சந்தோஷம்தான். அதுக்காகச் சொல்லல."

"அப்ப எதுக்கு?"

ஒரு கூட்டம் சிறுமிகள் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். ஜோவெலின் வாயைத் திறந்தாள். திறந்ததும் தெரிந்தது: சொன்னால் இன்று அவளும் நீந்த முடியாது. இன்று மட்டும் இல்லை. பன்னிரண்டு வருட நீச்சல் ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடும்.

"மெதுவா நீந்து," என்றாள்.

"மெதுவாவா!" லெங்லெங் தோள்பட்டியைத் தானே இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே நடந்தாள்.

லெங்லெங்கின் பந்தயம் முதலில். ஜோவெலினுடையது அதற்கு இரண்டு பந்தயம் கழித்து; அதனால் அவளும் அங்கேயே நின்றாள். பெயர் சொல்லி அழைக்கும் இடத்தில் எட்டு நாற்காலிகளில் எட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி தொடையை அறைந்துகொண்டாள். ஒருத்தி கண்ணை மூடிச் சிலுவைக் குறி போட்டாள். லெங்லெங் ஆறாவது நாற்காலியில் தொப்பிக்குள் காதைத் திணித்துக்கொண்டிருந்தாள். நேர் மேலே, பார்வையாளர் வரிசையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றாள். கோச் தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருந்தார்.

பெயர்களை வாசித்தார்கள். பெண்கள் வரிசையாக எழுந்தார்கள்.

இருநூறு மீட்டர். நான்கு நீளம். இது ஐம்பது மீட்டர் குளம். நடுவில் ஆழம் இரண்டு ஆள். காணாமல் போகும் அந்த நான்கு மீட்டர் சுவருக்குப் பக்கத்தில்தான் வரும் என்று யார் சொல்ல முடியும்?

லெங்லெங் கடந்து போகும்போது ஜோவெலின் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மனாங், விடு."

"போகாதே."

"வலிக்குது! விடு!"

"இந்தாய்!" கோச் ஓடி வந்தார். "என்ன பண்றே நீ? பைத்தியமா? அவளுக்கு ரேஸ்!"

"கோச், அவளுக்கு நேத்து தண்ணிக்குள்ள நினைவு தப்பிடுச்சு."

கோச் லெங்லெங்கைப் பார்த்தார். சிரிப்பு போன முகம் அவருக்கு வயதைக் கூட்டியது. "நெஜமா?"

"பொய்!" லெங்லெங்கின் குரல் உடைந்தது. "தூக்கக் கலக்கம், அவ்வளவுதான். அவளுக்கு நான் நீந்தக் கூடாது. நேத்துலேர்ந்து இதேதான். கேளுங்க அவளை, ஏன்னு கேளுங்க!"

"பாஸ்மாதான் கோச்!" அம்மா மேலிருந்து குனிந்து கத்தினாள். "நான் சரி பண்ணிட்டேன்! ஜோவெலின், விடு அவளை! எல்லாரும் பாக்குறாங்க!"

பார்த்தார்கள். சீட்டியைக் கையில் வைத்திருந்த அதிகாரி, ஆறாவது மேடை காலியாக இருப்பதைக் காட்டினார். மற்ற ஏழு பேரும் தங்கள் மேடைக்குப் பின்னால் நின்றார்கள். ஒருத்தி கைகளைச் சுழற்றினாள். தண்ணீர் அசையாமல், அடிவரை தெளிவாக இருந்தது. அடியில் கறுப்புக் கோடு ஓடியது.

கோச் குரலைத் தாழ்த்தினார். "இந்தாய், இப்படி ஒருத்தியைப் பிடிச்சு நிறுத்தறதுன்னா காரணம் வேணும். தண்ணியில மயக்கம்னு உனக்கு எப்படித் தெரியும்? நீ பார்த்தியா?"

"பார்க்கல."

"அப்புறம்?"

லெங்லெங் கையை உதறினாள். ஈர விரல்களிலிருந்து மணிக்கட்டு வழுக்கியது. அவள் இரண்டு அடி வைத்துவிட்டாள். மேடை ஏறச் சொல்லும் நீளமான சீட்டி ஒலித்தது. ஜோவெலின் பாய்ந்து தங்கையை இடுப்போடு கட்டிக்கொண்டு, அந்த அதிகாரிக்கும் கோச்சுக்கும் மேலே நிற்கும் அம்மாவுக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள். அவ்வளவு சத்தமாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

"பாஸ்மா இல்ல நானாய்! எனக்கும் தண்ணியில ரெண்டு தடவை நினைவு போயிருக்கு. ஹாரோவுல டாக்டரைப் பார்த்தேன். இதயத்துல கோளாறு, நீந்தினா அது அப்படியே நின்னு போயிடலாம்னு சொன்னாரு. இது வீட்டு ரத்தத்துல வர்றது, கூடப் பொறந்தவ இருந்தா அவளையும் தண்ணியில எறக்காதே, உடனே கூட்டிட்டு வான்னாரு. எனக்கு மூணு மாசமாத் தெரியும்."